எந்த எல்லைக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவது?

மதுரையில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார். வார நாட்களில் கம்ப்யூட்டர் வேலை, வார இறுதியில் கல்யாண ஆல்பம். அப்படிச் சேர்த்த ஒன்றரை லட்சம் ரூபாயை வைத்துக்கொண்டு போன மாதம் போன் பண்ணினார். "அண்ணே, ஒரு வருஷம் ஒரே விஷயத்தைத்தான் எடுக்கப்போறேன். எல்லையில வாழ்ற ஜனங்க. எந்த எல்லைக்குப் போகட்டும், சொல்லுங்க."

அவர் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது: வாகா, லோங்வா, மோரே, கூச் பிஹார், தனுஷ்கோடி. போனில் நான் சொன்னது அரைகுறையாகப் போய்விட்டது. ஆற அமர யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

பட்டியலிலிருந்து வாகாவை முதலில் அடித்துவிடலாம், அது பாகிஸ்தான் எல்லை. அமிர்தசரஸிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம், போய்வருவது சுலபம். ஆனால் 1959-லிருந்து தினமும் சாயங்காலம் நடக்கிற கொடியிறக்க அணிவகுப்பு அது. தலைக்கு மேலே தூக்கிய பூட்ஸ் கால், கொண்டை வைத்த தலைப்பாகை, இரும்புக் கேட். அங்கே உட்கார்ந்திருக்கும் ஆயிரக்கணக்கான போன்களில் இதே படம்தான் இருக்கும். 2025 மே மாதத்துக்குப் பிறகு கேட்டைத் திறப்பதும் கைகுலுக்குவதும்கூட நின்றுபோய், நிகழ்ச்சி சுருங்கிவிட்டது. அதை விடுங்கள், கேலரியில் இருப்பவர்கள் எல்லையோர மக்களே கிடையாது, எல்லையைப் பார்க்க வந்தவர்கள். பஞ்சாபில் எல்லை ஜனம் என்றால் முள்வேலிக்கு அந்தப் பக்கம் நிலம் மாட்டிக்கொண்ட விவசாயிகள்தான். அவர்களை எடுக்கப் பஞ்சாபி தெரிய வேண்டும், ஒரு அறுவடைக் காலமாவது அங்கே தங்க வேண்டும்.

லோங்வா நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில் இருக்கிறது. ஆங் என்று சொல்லப்படும் கொன்யாக் தலைவரின் வீட்டுக்கு நடுவிலேயே இந்திய – மியான்மர் கோடு போகிறது. முகத்தில் பச்சை குத்திய முதியவர், அடுப்பங்கரை, பித்தளைத் தலைகள் கோத்த கழுத்தணி. போகிறவர்கள் எல்லாரும் அவரை அதே அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து எடுத்துவிட்டார்கள். இப்போது படமெடுக்கக் காசு கேட்கிறார்கள் என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அத்தனை வருஷமாக அந்த முகங்களை விற்றவர்கள் யார் என்று யோசித்தால் போதும். தம்பி அங்கே சுற்றுலா போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வருஷ வேலைக்கு அது தாங்காது.

மீதி மூன்று. இவற்றில்தான் உண்மையான போட்டி.

மோரே என் மனசுக்கு நெருக்கமான ஊர். இம்பாலிலிருந்து 110 கிலோமீட்டர். மலை இறங்கியதும் ஒரு கடைவீதி, கடைவீதி முடிகிற இடத்தில் ஒரு கேட், கேட்டைத் தாண்டினால் மியான்மரின் நம்ஃபலாங் சந்தை, அதற்கும் கொஞ்சம் தள்ளித் தமு. 1962-ல் நே வின் ராணுவ ஆட்சி வந்து, கடைகளையும் வியாபாரத்தையும் அரசு எடுத்துக்கொண்டபோது, தலைமுறை தலைமுறையாகப் பர்மாவில் இருந்த தமிழர்கள் கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். இங்கே கால் ஊன்ற முடியாத சிலர் தரைவழியாகப் பர்மாவுக்கே திரும்பக் கிளம்பினார்கள். எல்லையில் மறிக்கப்பட்டு, மறிக்கப்பட்ட இடத்திலேயே குடியேறிவிட்டார்கள். அதனால்தான் மணிப்பூரின் ஓரத்தில் ஒரு தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கின்றன.

நான் 2019 கடைசியில் போனேன். நாலு நாள், 1,400 படம். கன்னத்தில் தனகா என்ற பர்மியப் பூச்சு பூசிய ஓர் அம்மா காலையில் இட்லித் துணியை உரித்துக்கொண்டே என்னிடம் தமிழிலும், முன்னால் உட்கார்ந்திருந்தவரிடம் மணிப்பூரியிலும், மூட்டை இறக்க வந்த பையனிடம் பர்மியிலும் பேசினார். ஆவி பறக்கிற தட்டு, வாசலில் இருந்து விழுகிற சாய்ந்த வெளிச்சம், பாதி திரும்பிய முகம். என் வாழ்க்கையில் எடுத்த நல்ல படங்களில் ஒன்று. அவர் பெயரை நான் கேட்கவில்லை. "அம்மா, அம்மா" என்றே நாலு நாளும் ஓட்டிவிட்டேன். மறுபடி வரத்தானே போகிறோம் என்ற நினைப்பு.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கேட்டை மூடினார்கள். 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2023 மே 3-ல் மணிப்பூரில் தொடங்கிய வன்முறையில் மோரேயும் எரிந்தது. அந்தக் கடை இருக்கிறதா, அந்த அம்மா எங்கே போனார், எனக்குத் தெரியாது. பெயர் இருந்தால் யாரிடமாவது விசாரிக்கலாம். ஸ்டீவ் மெக்கரி 1984-ல் பெஷாவர் பக்கத்து அகதி முகாமில் எடுத்த பச்சைக்கண் சிறுமியின் படத்தை உலகமே பார்த்தது. அவள் பெயர் என்ன என்று 2002 வரைக்கும் எடுத்தவருக்கே தெரியாது. முன்பெல்லாம் அதை ஒரு சுவாரசியமான செய்தியாகச் சொல்லித் திரிந்தேன். இப்போது சொல்வதில்லை.

சரி, மோரே இன்றைக்குத் தம்பிக்கு ஒத்துவருமா? 2020 ஜனவரியிலிருந்து மணிப்பூருக்குள் நுழைய உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். அது பெரிய விஷயமில்லை. இரண்டு பக்கமும் 16 கிலோமீட்டர் வரை விசா இல்லாமல் போய்வந்த ஏற்பாட்டை ரத்து செய்வதாக 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்து, அப்புறம் அதைப் பத்துக் கிலோமீட்டராகச் சுருக்கி, பாஸ் முறைக்குள் கொண்டுவந்தது. 1,643 கிலோமீட்டருக்கும் வேலி போடும் திட்டம் இருக்கிறது. செய்தியாக இதெல்லாம் முக்கியம்தான். ஆனால் மைதேயி ஒரு பக்கம், குக்கி ஒரு பக்கம் என்று ஊரே பிளந்து கிடக்கும்போது, கேமராவோடு இறங்கும் வெளியாளை முதலில் "நீ யார் ஆள்?" என்றுதான் பார்ப்பார்கள். உங்களோடு தேநீர் குடித்தவருக்கு நாளைக்கு அதனாலேயே கேள்வி வரலாம். நீங்கள் திரும்பி வந்துவிடுவீர்கள், அவர் அங்கேயே இருக்க வேண்டும். அந்தக் கதையின் மறுமுனை சென்னை வியாசர்பாடியிலும், பாரிமுனையில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் வண்டிகளிலும் இருக்கிறது. மோரே மேல் ஆசை தீராவிட்டால் அங்கிருந்து தொடங்கலாம்.

கூச் பிஹார் வேறு மாதிரி. வங்காளத்தில் சிட்மஹால் என்பார்கள். 2015 வரை வங்கதேசத்துக்குள்ளே 111 இந்தியத் துண்டுகள், இந்தியாவுக்குள்ளே 51 வங்கதேசத் துண்டுகள். ஒரு துண்டுக்குள் இன்னொரு துண்டு, அதற்குள்ளும் ஒன்று. சொந்த நாட்டுக்குப் போக இன்னொரு நாட்டைத் தாண்ட வேண்டும். ரேஷன் கார்டு கிடையாது, ஓட்டு கிடையாது, கரண்ட் கிடையாது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அடுத்த ஊர்க்காரர் யாரையாவது அப்பா என்று எழுதிக்கொடுத்த குடும்பங்கள் உண்டு. 2015 ஜூலை 31 நள்ளிரவில் இரண்டு நாடுகளும் துண்டுகளை மாற்றிக்கொண்டன. அந்தப் பக்கம் இருந்தவர்களில் ஆயிரத்துக்கும் குறைவானவர்கள்தான் இந்தியாவுக்கு வருகிறோம் என்று கிளம்பினார்கள்.

இங்கே படமாவது என்ன? முகத்தைவிடக் காகிதம். பழைய நிலப் பத்திரம், கணக்கெடுப்புச் சீட்டு, பொய் அப்பா பெயர் உள்ள மார்க் ஷீட். அப்புறம் வேலி. எல்லைக்கோட்டிலிருந்து 150 கெஜம் உள்ளே தள்ளித்தான் பல இடத்தில் முள்வேலி போகிறது. கோட்டுக்கும் வேலிக்கும் நடுவில் நிலம் உள்ளவர்கள் காலையில் கேட் திறக்கும் நேரத்துக்கு வந்து, அடையாள அட்டையைப் பாதுகாப்புப் படை வீரரிடம் கொடுத்து, ரிஜிஸ்டரில் பெயர் எழுதிவிட்டுப் போய், அட்டையைத் திரும்ப வாங்க மூடும் நேரத்துக்குள் வந்துவிட வேண்டும். மாடு ஒன்று முரண்டு பிடித்தால் நாளே கெட்டுப்போகும். தன் வயலுக்குப் போக ஒரு மனுஷன் கையெழுத்துப் போடுகிறான் என்பதே ஒரு படம். ஆனால் அந்தக் கேட்டை அனுமதியில்லாமல் எடுத்தால் கேமரா அவர்கள் கையில் போய்விடும். அனுமதிக்கு நாலைந்து நாள் அலைய வேண்டியிருக்கும்.

இங்கே எனக்குள்ள பெரிய தயக்கம் மொழி. அங்குள்ளவர்கள் பேசுவது வங்காளம், பல ஊர்களில் ராஜ்பன்ஷி. மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டும். நடுவில் ஒருவர் நின்றாலே படத்தில் இருப்பவர் உங்களைப் பார்க்க மாட்டார், அவரைத்தான் பார்ப்பார். நான் ஒரு தடவை வெளிமாநிலத்தில் இப்படி எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தபோது, பாதிப் படங்களில் எல்லாருடைய கண்ணும் என் இடது தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. தூரமும் இடிக்கிறது. சென்னையிலிருந்து நியூ ஜல்பைகுரிக்கு ரயிலில் இரண்டு இரவு, அங்கிருந்து இன்னும் சில மணிநேரம். வருஷத்துக்கு இரண்டு தடவை, பத்துப் பத்து நாள் லீவு போட முடிந்தவருக்கு இதைத்தான் சொல்வேன். சனி ஞாயிறு மட்டும் கிடைக்கிறவருக்குச் சொல்ல மாட்டேன்.

அப்படியென்றால் ராமேஸ்வரம்தானா என்று தம்பி குரலில் ஒரு சுருதி இறங்கியது. புரிகிறது. மதுரையிலிருந்து நாலு மணி நேர பஸ். சின்ன வயசில் அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்த ஊர். பக்கத்தில் இருப்பதை எடுத்தால் யார் மதிப்பார்கள் என்ற கவலை எல்லாருக்கும் வரும். அலெக்ஸ் வெப் அமெரிக்க – மெக்சிகோ எல்லையை 1975-லிருந்து 2001 வரை எடுத்தார். இருபத்தாறு வருஷம் அந்த ஊர்களுக்குப் போய்ப் போய் வந்திருக்கிறார். நமக்கு இருக்கும் லீவையும் காசையும் வைத்து அப்படிப் போய்வர முடிகிற எல்லை எது என்று பார்த்தால், பாக் நீரிணைதான்.

இங்கே வேலி இல்லை, கேட் இல்லை. இந்தியாவும் இலங்கையும் 1974-லும் 1976-லும் போட்ட ஒப்பந்தங்களின் கோடு தண்ணீருக்குள் இருக்கிறது. படகில் இருக்கும் ஜிபிஎஸ் திரையில் மட்டும்தான் அதைப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத எல்லையை எப்படிப் படமெடுப்பது? கஷ்டமான கேள்விதான், ஆனால் நல்ல கேள்வி. கோடு கடலில் இருந்தாலும் அதன் தடம் கரையில்தான் கிடக்கிறது. கடலுக்குப் போக டோக்கன் வாங்கும் வரிசையில், ஐஸ் உடைக்கும் இடத்தில், பிடிபட்டவரின் வாய்தா தேதி எழுதிய காலண்டரில்.

தம்பிக்கு ஒரு வசதியும் இருக்கிறது. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. அதாவது சனிக்கிழமை புறப்பாடு, ஞாயிறு விடிகாலை கரை சேர்வது. வார இறுதிக்காரருக்கென்றே வைத்த மாதிரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறி மராமத்தில் இருக்கும். ஆட்கள் எல்லாரும் தரையில் இருப்பார்கள், பேச நேரம் இருக்கும். உருவப்படங்களுக்கு அதைவிட நல்ல பருவம் கிடையாது.

ஞாயிறு காலை ஐந்தரை மணி. படகு முட்டுகிறது. பிளாஸ்டிக் கூடைகள் கை மாறுகின்றன, கணவாய் தனி, நண்டு தனி, இறால் தனி. மீன்பாடு எப்படி என்று யாரும் வாயால் கேட்பதில்லை. கூடை இறங்கும் வேகத்திலேயே கரையில் நிற்பவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு தடவை அந்த நெரிசலுக்கு வெளியே, ஏலக் கொட்டகைத் தூணோரம் ஓர் அக்கா மஞ்சள் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் யாழ்ப்பாணச் சிறையில். பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கோப்பு: படகு பதிவுச் சான்றிதழின் நகல், ஆதார் நகல், மனுக்களின் நகல்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம். நான் கேமராவைத் தொடுவதற்கு முன்னாலேயே அவர் அந்தப் படத்தை எடுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். "இப்படித்தானே தம்பி எடுப்பீங்க?" அத்தனை பேர் வந்து அப்படி எடுத்துப் பழக்கிவிட்டார்கள். படத்தை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, அந்தக் கோப்பையும் அதன் மேல் இருந்த அவருடைய விரல்களையும் எடுத்தேன். ஜெராக்ஸ் கடை மை விரலில் ஒட்டியிருந்தது.

எதை எடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயம். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலின் மிச்சம் அது. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்ததிலிருந்து நாள் தவறாமல் அதற்கு முன்னால் கல்யாண ஜோடிகள் நிற்கிறார்கள். அதை எடுக்காமல் திரும்பி வரும் புகைப்படக்காரருக்கு நான் டீ வாங்கித் தருகிறேன். அதே போல, ஆசையில் படகில் ஏறிவிடாதீர்கள். டோக்கனில் பெயர் இல்லாத ஆள் படகில் இருந்தால் படகு உரிமையாளருக்குச் சிக்கல். கடலில் இலங்கைக் கடற்படை பிடித்தால் நீங்களும் கேமராவும் சேர்ந்துதான் போவீர்கள். உங்கள் படத்தில் இருக்கும் ஜிபிஎஸ் திரையே வழக்கில் சாட்சியாகிவிடலாம். 2022-ல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் குடும்பம் குடும்பமாக மணல்திட்டுகளில் வந்து இறங்கியவர்கள் விஷயமும் அப்படித்தான். சட்டப்படி பார்த்தால் குழந்தை உட்பட எல்லாரும் எல்லை மீறியவர்கள். முகத்தைக் காட்டுவதா என்பதை ஷட்டரை அழுத்துவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

படவிளக்கமும் முக்கியம். 2018 ஜூனில் டெக்சாஸ் எல்லையில் ஜான் மூர் ஒரு படம் எடுத்தார். தாயை அதிகாரி சோதனை போடும்போது அழுகிற ஹோண்டுராஸ் குழந்தை. தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தை என்றே உலகம் அதைப் படித்தது. அந்தக் குழந்தையைப் பிரிக்கவே இல்லை. படம் நேர்மையானது, அடுத்த வருஷம் உலக அளவில் பெரிய பரிசும் வாங்கியது. ஆனால் படத்தைச் சுற்றிய பேச்சு படத்தை மீறிப் போய்விட்டது. நம் கரையில் "எல்லை தாண்டாத மீனவர்" என்று எழுதுவதும், "எல்லை தாண்டிய மீனவர்" என்று எழுதுவதும் இரண்டு வேறு வழக்குகள். தெரியாததை எழுதாதீர்கள். "இன்ன தேதியில் போனார், இன்ன தேதியில் பிடிபட்டார்" என்பது போதும்.

இப்போது உண்மையான கேள்விக்கு வருகிறேன். ராமேஸ்வரம் என்று முடிவான பிறகும் ஒரு தேர்வு பாக்கி இருக்கிறது. ஒரு கரையா, இரண்டு கரையா?

ஒரு கரை என்றால் செலவு குறைவு, அலைச்சல் குறைவு. ஆனால் அது பாதிக் கதை. யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் நம் ஊர்ப் பதிவு எண்ணோடு பிடிபட்ட படகுகள் வருஷக்கணக்கில் நின்று உளுத்துப்போயின. இங்கே "போன படகு" என்று ஒரு வார்த்தையில் சொல்வது அங்கே பலகை பலகையாகக் கிடக்கிறது. யாழ்ப்பாணத்துக் குருநகரில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர் என்னிடம் கோபமே இல்லாமல் சொன்னார்: "தம்பி, உங்கட இழுவைப் படகு ஒரு இரவு வந்து போனா எங்கட ஒரு வருசக் கடன். பிடிபட்டவையின்ர பெண்சாதிமார் அழுறதை நாங்களும் டிவியில பாக்கிறனாங்கள். எங்கட ஆக்கள் அழுறதை ஆர் காட்டுறாங்கள்?" போர் நடந்த காலத்தில் இலங்கையின் வடக்கு மீனவர்களைக் கடலுக்குள் விடவில்லை. அந்த வருஷங்களில் நம் படகுகளுக்குக் கடல் மொத்தமும் கிடைத்தது. 2009-க்குப் பிறகு அவர்கள் திரும்பக் கடலில் இறங்கியபோது நாம் அங்கே இருந்தோம். கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலையை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடைசெய்தது. இந்தக் கணக்கு தெரியாமல் ராமேஸ்வரத்தில் எடுக்கிற படம், நன்றாக இருந்தாலும் ஒருச்சாய்வாகத்தான் இருக்கும்.

இரண்டு கரையிலும் ஒரே மொழி பேசுகிற எல்லை இது. டெல்லியிலிருந்து வருகிற பெரிய கேமராக்காரருக்கு இரண்டு பக்கமும் மொழிபெயர்ப்பாளர் தேவை. தம்பிக்கு யாருமே வேண்டாம். யாழ்ப்பாணத் தமிழ் முதல் நாள் கொஞ்சம் திணற வைக்கும், இரண்டாம் நாள் பழகிவிடும்.

போகும் வழியும் இருக்கிறது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம், நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல். கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது, பருவமழைக் காலத்தில் நின்று நின்று ஓடுகிறது. சுற்றுலா விசாவில் போய்ப் பத்திரிகை வேலை பார்க்கக் கூடாது. அதற்கு என்ன அனுமதி என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா இன்னொரு வாய்ப்பு. 285 ஏக்கர் தீவில் இரண்டு நாட்டுக்காரர்களும் பாஸ்போர்ட் இல்லாமல் சந்திக்கிற இரண்டு நாள். ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2024-ல் சிறைத் தண்டனைகளைக் கண்டித்து ராமேஸ்வரத்துக்காரர்கள் திருவிழாவையே புறக்கணித்தார்கள். கிடைத்தால் லாபம்.

என் யோசனை இதுதான். முதல் ஒன்பது மாதம் ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம். மாதம் இரண்டு தடவை. கடைசி மூன்று மாதத்தில் இரண்டு தடவை யாழ்ப்பாணம், மன்னார். அங்கே போகும்போது இங்கே எடுத்ததைப் பிரிண்ட் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள். அவர்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், எதைப் பார்த்துத் தள்ளி வைக்கிறார்கள் என்று கவனித்துவிட்டு அப்புறம் எடுங்கள். திரும்பி வந்து அங்கே எடுத்ததை இங்கே காட்டுங்கள். மஞ்சள் பை அக்கா குருநகர்க்காரரின் கிழிந்த வலையைப் பார்த்து என்ன சொல்வார் என்று எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

கருவிகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இருக்கிற கேமரா, ஒரு 35 எம்எம் லென்ஸ். நீள லென்ஸ் வேண்டாம், தூரத்திலிருந்து குறிவைப்பவரைக் கரையில் யாருக்கும் பிடிக்காது. ஜெட்டியில் லென்ஸ் மாற்றாதீர்கள், உப்புக்காற்று உள்ளே போனால் போனதுதான். ராத்திரி அறைக்குப் போனதும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அப்புறம் உலர்ந்த துணி. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். எல்லைக் கடலோரம், உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம், அது போதும். மிச்சமாகிற காசில் ஒரு பகுதியைப் பிரிண்டுக்கென்று ஒதுக்குங்கள். போஸ்ட்கார்டு சைஸ், படத்தில் இருப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று, அடுத்த தடவை போகும்போது கையில் கொடுக்க.

இந்த வாரம் வெள்ளிக்கிழமை ராத்திரி மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் சனிக்கிழமை டோக்கன் கொடுக்கிற நேரத்துக்கு ஜெட்டியில் இருக்கலாம். முதல் தடவை கேமரா பையிலேயே இருக்கட்டும். சின்ன நோட்டு ஒன்றும் பேனாவும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர், ஊர், யாருடைய படகு. அந்த மூன்று விஷயம்.